ஹரோ கவுன்சில் தேர்தலும் டெமாக்ரசி கிளப்பின் வேட்பாளர் தேடலும்: ஒரு மதிப்புரை

இங்கிலாந்தில் கவுன்சில் (உள்ளாட்சி மன்றத்) தேர்தல் நெருங்கும்போது, தமது வட்டாரத்தில் (வார்டில்) யார் யார் போட்டியிடுகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது, டெமாக்ரசி கிளப் என்ற அமைப்பு நடத்தும் ‘ஹூ கேன் ஐ வோட் ஃபார்’ இணையச் சேவையையே. அதற்குக் கட்டணம் இல்லை. கணக்குத் தொடங்கத் தேவையில்லை. அது எந்தக் கட்சியையும் சார்ந்ததும் அல்ல. போஸ்ட்கோடை (அஞ்சல் குறியீட்டை) இட்டால் அந்த முகவரிக்கு எந்தத் தேர்தல் எப்போது நடக்கிறது, எத்தனை இடங்கள், வேட்பாளர்கள் யார், வாக்களிக்க எங்கே போக வேண்டும் என்ற விவரங்கள் ஒரே பக்கத்தில் கிடைக்கின்றன. ஒரே போஸ்ட்கோட் இரண்டு வட்டாரங்களில் விழுந்தால், வீட்டு முகவரியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிக் கேட்ட பிறகே பட்டியலைக் காட்டுகிறது. பார்வைக்குச் சிறிய விஷயம் இது. ஆனால் தெருவின் ஒரு பக்கம் ஒரு வட்டாரத்திலும் மறுபக்கம் வேறொரு வட்டாரத்திலும் இருக்கும் லண்டன் பரோக்களில் (தனித்தனிக் கவுன்சில் உள்ள நிர்வாகப் பகுதிகளில்) இந்தக் கவனம் இல்லாவிட்டால் தவறான பட்டியலைப் படித்துவிட்டு வாக்களிக்கப் போக நேரிடும்.

பொதுத் தேர்தலில் இப்படியொரு சேவை இல்லாவிட்டாலும் ஒருவாறு சமாளிக்கலாம். தொலைக்காட்சியும் செய்தித்தாள்களும் கட்சித் தலைவர்களை நம் கண்முன் நிறுத்திவிடும். கவுன்சில் தேர்தலில் அந்த வெளிச்சம் அறவே இல்லை. வடமேற்கு லண்டனில் உள்ள ஹரோ பரோவை எடுத்துக்கொண்டால், அதன் கவுன்சிலின் 55 இடங்களுக்கும் இரு பெரிய கட்சிகள் ஆள் நிறுத்தினாலே 110 பெயர்கள் ஆகிவிடும். அவர்களில் பெரும்பாலானோரை அவர்களுடைய தெருவுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. 2018, 2022 ஆகிய இரண்டு தேர்தல்களிலும் லண்டன் பரோக்களின் பதிவுபெற்ற வாக்காளர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வாக்களிக்கவில்லை. அக்கறையின்மையை மட்டும் இதற்குக் காரணமாகச் சொல்வதை நான் ஏற்பதில்லை. யாரைப் பற்றியும் எதுவும் தெரியாத நிலையில் ஒரு சீட்டை நீட்டிப் புள்ளடி போடச் சொன்னால், மனச்சாட்சியுள்ள ஒருவர் தயங்கி வீட்டிலேயே இருந்துவிடுவதும் நடக்கக்கூடியதே.

நாடு முழுவதற்குமான கவுன்சில் வேட்பாளர் பட்டியலை அரசு ஓரிடத்தில் திரட்டி வெளியிடுவதில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். வாக்குப்பதிவுக்கு 19 வேலைநாட்களுக்கு முன்னர் மாலை 4 மணியுடன் வேட்புமனுத் தாக்கல் முடிகிறது. அடுத்த வேலைநாள் மாலை 4 மணிக்குள் ஒவ்வொரு கவுன்சிலின் தேர்தல் அதிகாரியும் போட்டியிடுவோரின் பட்டியலைத் தத்தம் இணையதளத்தில், தத்தமக்குப் பிடித்த வடிவத்தில் வெளியிடுகிறார். நூற்றுக்கணக்கான கவுன்சில்களின் அந்த ஆவணங்களைத் தேடி எடுத்து, பெயர் பெயராகப் பதிவது டெமாக்ரசி கிளப்பின் தன்னார்வலர்கள். ஒருவர் பதிந்ததை இன்னொருவர் மூல ஆவணத்துடன் ஒப்பிட்டுச் சரிபார்த்த பிறகே அந்த வட்டாரத்தின் பட்டியல் பூட்டப்படுகிறது. 2010 பொதுத் தேர்தலை ஒட்டித் தொடங்கிய இந்த முயற்சி திரட்டும் தரவுகளையே இன்று தேர்தல் ஆணைக்குழு தன் சொந்த இணையதளத்தின் போஸ்ட்கோட் தேடலுக்கும் பயன்படுத்துகிறது. அரசு செய்ய வேண்டிய வேலையைப் பொதுமக்கள் செய்துகொண்டிருக்கிறார்கள். அதைச் செம்மையாகவும் செய்கிறார்கள் என்பது என் கணிப்பு. அதிகாரபூர்வப் பட்டியல் வரும் முன்னரே கட்சிகள் அறிவித்த பெயர்களும் தளத்தில் தோன்றும். அந்தக் கட்டத்தில் பட்டியல் முழுமையானதல்ல என்ற குறிப்பைத் தளமே காட்டுகிறது. அந்தக் குறிப்பைப் படிக்காமல், “எங்கள் வட்டாரத்தில் இன்ன கட்சி நிற்கவே இல்லையாம்” என்று வட்ஸ்அப்பில் பரப்புவோரும் உண்டு.

இச்சேவையின் பயனை ஒரு தனி வட்டாரப் பக்கத்தில்தான் சரியாக உணர முடியும். 2022 முதல் ஹரோவில் 22 வட்டாரங்கள். அவற்றில் 11 வட்டாரங்கள் மும்மூன்று கவுன்சிலர்களையும் 11 வட்டாரங்கள் இவ்விரண்டு கவுன்சிலர்களையும் தேர்ந்தெடுக்கின்றன. ஆகவே வாக்காளரின் கையில் இருப்பது ஒரு வாக்கு அல்ல. வட்டாரத்தைப் பொறுத்து இரண்டு அல்லது மூன்று. மூன்று இடங்கள் உள்ள ஒரு வட்டாரத்தில் வசிக்கும், எனக்குத் தெரிந்த ஒரு மூத்த அம்மாவுக்குக் கைபேசியில் இந்தப் பக்கத்தைத் திறந்து காட்டியபோது அவர் முதலில் கேட்டது, “தம்பி, மூன்று பேருக்கும் போடத்தான் வேணுமா?” என்பதே. வேண்டியதில்லை. மூன்று இடங்கள் உள்ள வட்டாரத்தில் ஒருவருக்கு மட்டும் போடலாம், இருவருக்குப் போடலாம், வெவ்வேறு கட்சியினருக்குப் பிரித்தும் போடலாம். நான்காவது புள்ளடி விழுந்தால் மட்டும் சீட்டு செல்லாது. ஒரு கட்சிக்கு என்று மூன்றையும் அள்ளிக் கொடுப்பதே முறை என்று நினைத்துப் பல ஆண்டுகளாக வாக்களித்து வந்தவர் அவர். எத்தனை இடங்கள் என்பதைப் பக்கத்தின் தலைப்பகுதியிலேயே தளம் சொல்லிவிடுவதால் இந்தப் பேச்சுக்கு இடம் கிடைத்தது.

வாக்குச்சீட்டில் பெயர்கள் குடும்பப் பெயரின் ஆங்கில அகரவரிசையில் அச்சிடப்படுகின்றன. ஒரே கட்சியின் மூன்று வேட்பாளர்களில் மேலே இருப்பவர் கீழே இருப்பவரைவிடச் சற்றுக் கூடுதலான வாக்குகளைப் பெறுவது பல உறுப்பினர் வட்டாரங்களில் நன்கு அறியப்பட்ட ஒன்று. சிறு வித்தியாசத்தில் முடிவாகும் வட்டாரங்களில் அதுவே மூன்றாவது இடத்தைத் தீர்மானித்துவிடலாம். வாக்குச்சாவடிக்குள் நுழைவதற்கு முன்பே பெயர்களைப் படித்து மனத்தில் இருத்திக்கொண்டவர், சீட்டில் மேலே இருக்கிறார் என்பதற்காக ஒருவரைத் தேர்ந்தெடுக்க மாட்டார். அதனால்தான் இந்தத் தளத்தை வாக்குப்பதிவு நாள் காலையில் பேருந்தில் இருந்தபடி திறப்பதைவிட, முந்தைய வாரத்தில் ஓர் இரவு ஆற அமர உட்கார்ந்து படிக்கச் சொல்கிறேன்.

படிப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது என்பதில்தான் எனக்கு மனக்குறை. வேட்பாளர் ஒவ்வொருவரும் வாக்காளருக்குச் சொல்ல விரும்புவதை எழுதித் தளத்தில் சேர்க்கலாம். படம், சொந்த இணையதளம், சமூக ஊடகப் பக்கங்கள் ஆகியவற்றையும் சேர்க்கலாம். காசு எதுவும் செலவாகாத இந்த வாய்ப்பை ஏராளமான வேட்பாளர்கள் பயன்படுத்துவதே இல்லை. பெயரும் கட்சியும் மட்டும் நிற்க, கீழே வெற்றிடமாக இருக்கும். எழுதுபவர்களிலும் பலர் கட்சியின் தலைமையகம் கொடுத்த வாசகத்தை அப்படியே ஒட்டுகிறார்கள். குப்பைத்தொட்டி எடுக்கும் நாள், வீதியோரப் பார்க்கிங், நூலக நேரம், முதியோர் பராமரிப்பு, வீட்டுத் திட்ட அனுமதி ஆகியவையே ஒரு பரோ கவுன்சிலின் அன்றாட வேலைகள். அவற்றில் ஒன்றைப் பற்றியேனும் தம் சொந்தக் கருத்தை நான்கு வரிகளில் எழுத முடியாத ஒருவர் நான்காண்டுகள் மக்களின் பணத்தை எப்படிக் கையாள்வார் என்று கேட்பது நியாயமான கேள்வியே. குறிப்பாக, நம் தமிழ் வேட்பாளர்கள் கோயில் திருவிழாவிலும் பொங்கல் விழா மேடையிலும் காட்டும் முகத்தை இங்கேயும் எழுத்தில் காட்ட வேண்டும். மேடையில் கொடுத்த வாக்குறுதி காற்றோடு போய்விடலாம். எழுதியதைப் பின்னால் எடுத்துக்காட்ட முடியும்.

இதற்கு மாறாக, வேட்பாளரின் கடந்தகாலத்தைத் தளம் நன்றாகவே காட்டுகிறது. முன்பு எந்தெந்தத் தேர்தல்களில், எந்தக் கட்சியின் சார்பில் நின்றார், எத்தனை வாக்குகள் பெற்றார் என்ற விவரங்கள் அவருடைய பக்கத்தில் வரிசையாகத் தெரியும். கட்சி மாறி வந்தவர்கள் இதில் மறைய முடியாது. கட்சிகளின் துண்டுப்பிரசுரங்களைச் சோதிக்கவும் இது உதவுகிறது. ஒரு தேர்தலின்போது என் வீட்டுக் கதவிடுக்கில் வந்து விழுந்த ஒரு பிரசுரத்தில், “இங்கே போட்டி இருவருக்கிடையேதான்” என்ற வாசகமும் அதன்கீழ் உயரமும் குள்ளமுமான வண்ணப் பட்டைகளும் இருந்தன. கட்சியின் பெயர் இங்கே தேவையில்லை. எல்லாக் கட்சிகளும் கையாளும் உத்திதான் அது. அந்த எண்கள் நாடாளுமன்றத் தேர்தலில் முழுத் தொகுதிக்கும் கிடைத்தவை என்பது மிகச் சிறிய எழுத்தில் அடியில் அச்சாகியிருந்தது. அதே வட்டாரத்தின் முந்தைய கவுன்சில் முடிவைத் தேடிப் பார்த்தபோது காட்சி முற்றிலும் வேறாக இருந்தது. டெமாக்ரசி கிளப்பே நடத்தும் ‘எலெக்ஷன் லீஃப்லெட்ஸ்’ என்ற தளத்தில் இத்தகைய பிரசுரங்களைப் படமெடுத்து ஏற்றி வைக்கலாம். அடுத்த தேர்தலில் அவற்றைத் திருப்பிப் பார்ப்பவருக்கு அது பெரும் உதவி.

இவ்வளவும் சொன்ன பிறகு, இச்சேவை எங்கே நின்றுவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். அது வாக்குச்சீட்டை அடிப்படையாகக் கொண்டு அமைந்த சேவை. உங்கள் வட்டாரத்தின் இரண்டு அல்லது மூன்று இடங்களைப் பற்றித்தான் அது பேசுகிறது. ஆனால் கவுன்சில் தேர்தலில் உண்மையில் முடிவாவது பரோ யார் கைக்குப் போகிறது என்பது. ஹரோவின் 55 இடங்களில் 28 இடங்களைப் பெற்ற கட்சி கவுன்சில் தலைவரைத் தேர்ந்தெடுக்கும். அந்தத் தலைவர் தம்மையும் சேர்த்து அதிகபட்சம் பத்துப் பேர் கொண்ட அமைச்சரவையை அமைப்பார். வரவுசெலவுத் திட்டத்தையும் கவுன்சில் டாக்ஸையும் அவர்களே முன்வைப்பார்கள். எஞ்சியவர்களுக்குக் குழுக்களில் இடமும் கேள்வி கேட்கும் உரிமையும் உண்டு, ஆட்சி இல்லை. இந்தப் படத்தை வட்டாரப் பக்கம் தருவதில்லை.

ஹரோவின் அண்மைக்கால வரலாற்றைப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய இடைவெளி என்பது புரியும். 2018இல் 63 இடங்களில் லேபர் 35, கன்சர்வேட்டிவ் 28. 2022இல் வட்டார எல்லைகள் மாற்றப்பட்டு இடங்கள் 55 ஆகக் குறைந்தன. கன்சர்வேட்டிவ் 31, லேபர் 24 என்று பரோ கைமாறியது. அதே நாளில் லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர், வாண்ட்ஸ்வர்த், பார்னெட் ஆகிய மூன்று பரோக்களைக் கன்சர்வேட்டிவ் கட்சி லேபரிடம் இழந்தது. வெஸ்ட்மின்ஸ்டர் 1964இல் நடந்த முதல் தேர்தலிலிருந்து அதுவரை லேபர் ஒருமுறையும் வென்றிராத பரோ. லண்டன் முழுவதும் ஒரு திசையில் காற்று வீச, ஹரோ எதிர்த்திசையில் போயிற்று. நாட்டு நிலவரத்தை வைத்து உள்ளூர் முடிவைக் கணிக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டாம். எல்லைகள் மாறியதால், பெயர் ஒன்றாக இருந்தாலும் 2018இன் வட்டாரமும் 2022இன் வட்டாரமும் ஒன்றல்ல. பழைய எண்களையும் புதிய எண்களையும் அருகருகே வைத்து யார் வளர்ந்தார், யார் தேய்ந்தார் என்று சொல்வது பிழையான முடிவுக்கே இட்டுச் செல்லும். இந்த எச்சரிக்கை முடிவுகளைக் காட்டும் இடத்திலேயே பெரிய எழுத்தில் இருந்தால் நன்றாக இருக்கும்.

தேர்தலே நடக்காமலும் கட்டுப்பாடு கைமாறும். 2010இல் ஹரோவை லேபர் வென்றது. பின்னர் இலங்கைத் தமிழரான தயா இடைக்காடர் கவுன்சில் தலைவரானார். 2013இல் அவரும் வேறு சில கவுன்சிலர்களும் லேபர் குழுவிலிருந்து விலகித் தனிக்குழுவாக இயங்கியதால் லேபர் பெரும்பான்மையை இழந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தலைமை கன்சர்வேட்டிவ் கட்சியின் சூசன் ஹாலிடம் போனது. 2024இல் லண்டன் மேயர் தேர்தலில் சாதிக் கானை எதிர்த்து நின்றவர் இவரே. இந்த மாற்றத்துக்காக ஒரு வாக்காளரும் வாக்குச்சாவடிக்குப் போகவில்லை. ஒரு தமிழர் ஒரு லண்டன் பரோவின் தலைமையை ஏற்றதை நாம் பெருமையோடு பேசுகிறோம். அந்தத் தலைமை எப்படிப் போயிற்று என்பதையும் அதே அக்கறையோடு படித்தால், கவுன்சிலின் உள்கணக்கு நன்றாக விளங்கும். வேட்பாளர் பட்டியலை மட்டும் காட்டும் சேவையில் இந்தக் கதைக்கு இடமே இல்லை.

தெற்கு லண்டனின் குரொய்டன் பரோவில் நிலைமை இன்னும் சிக்கலானது. கவுன்சில் 2020 நவம்பரில் தன் வரவுசெலவைச் சமன்செய்ய முடியாது என்று சட்டப்படி அறிவிக்க நேர்ந்தது. 2021இல் நடந்த வாக்கெடுப்பில் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் மேயர் முறையை ஏற்றனர். 2022இல் கன்சர்வேட்டிவ் கட்சியின் ஜேசன் பெரி 589 வாக்கு வித்தியாசத்தில் மேயரானார். அதே தேர்தலில் கவுன்சிலில் லேபர் 34, கன்சர்வேட்டிவ் 33, கிரீன் 2, லிபரல் டெமாக்ரட் 1. அதிக இடம் பெற்ற கட்சி ஒன்று, ஆளும் மேயரின் கட்சி வேறொன்று. அங்குள்ள வாக்காளருக்கு இரண்டு வாக்குச்சீட்டுகளையும் தளம் தனித்தனியாகக் காட்டும். அவற்றில் எது ஆட்சியைத் தீர்மானிக்கிறது என்பதை அவரே வேறிடத்தில் தேடித் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த ‘வேறிடம்’ பெரும்பாலும் கவுன்சிலின் சொந்த இணையதளம்தான். கவுன்சிலர்களின் பெயர், கட்சி, அவர்கள் இருக்கும் குழுக்கள், அறிவித்த சொத்து நலன்கள், கூட்ட அறிக்கைகள் ஆகியவை அங்கே இருக்கின்றன. தேர்தலுக்கு முன் ஒருமுறையாவது பிப்ரவரி அல்லது மார்ச் மாத வரவுசெலவுக் கூட்டத்தின் அறிக்கையைப் படிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். எந்தக் கட்சி எந்தத் திருத்தத்தை முன்வைத்தது, எதற்கு யார் கைதூக்கினார்கள் என்பது அதில் இருக்கும். பிரசுரங்களில் வரும் எந்த வாசகத்தையும்விட அது நேர்மையான சான்று. டெமாக்ரசி கிளப் தன் வட்டாரப் பக்கத்தில், “தற்போது இந்தக் கவுன்சிலில் கட்சிவாரியாக இத்தனை இடங்கள், பெரும்பான்மைக்கு இத்தனை தேவை” என்ற ஒரே ஒரு வரியைச் சேர்த்தால் பாதிக் குறை தீர்ந்துவிடும். இடைத்தேர்தல்களையும் அது விடாமல் காட்டுவதால், மெல்லிய பெரும்பான்மை உள்ள பரோக்களில் அந்த ஒரு வரியின் மதிப்பு இன்னும் கூடும்.

வாக்களிக்கும் தகுதி பற்றி நம்மவர் தளத்தை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது. நீங்கள் வாக்காளர் பட்டியலில் இருக்கிறீர்களா என்பதை அது சொல்லாது; அதைப் பரோவின் தேர்தல் பதிவு அலுவலகத்தில் கேட்டே அறிய வேண்டும். இலங்கை, இந்தியக் குடியுரிமை உள்ளவர்கள் காமன்வெல்த் குடிமக்கள் என்ற முறையில், இங்கு வசிக்க அனுமதி இருந்தால் பதிந்து வாக்களிக்கலாம். பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய நாடுகளின் கடவுச்சீட்டோடு லண்டனுக்குக் குடிபெயர்ந்த நம் குடும்பங்களுக்கு 2024 மே மாதத்திலிருந்து விதி மாறிவிட்டது: 2020 டிசம்பர் 31க்கு முன்பிருந்தே சட்டப்படி இங்கே வசித்து வருபவர்களுக்கு உரிமை தொடர்கிறது, அதன்பின் வந்தவர்களுக்கு இல்லை. ஸ்பெயின், போர்ச்சுகல், போலந்து போன்ற, தனி உடன்படிக்கை உள்ள நாடுகளின் குடிமக்களுக்கு இந்த வரம்பு கிடையாது. சுவிஸ், நோர்வே கடவுச்சீட்டு மட்டும் உள்ளவர்களுக்கு முன்பும் உரிமை இருந்ததில்லை. வாக்குச்சாவடியில் படத்துடன் கூடிய அடையாள ஆவணம் காட்ட வேண்டும் என்ற விதி இங்கிலாந்தின் கவுன்சில் தேர்தல்களில் 2023 முதல் நடைமுறையில் உள்ளது. இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டுகளும், முதியோரின் இலவசப் பயண அட்டையான ஃப்ரீடம் பாஸும் ஏற்கப்படும். எதுவும் இல்லாதவர் இலவச வாக்காளர் சான்றிதழுக்கு வாக்குப்பதிவுக்கு ஆறு வேலைநாட்களுக்கு முன் மாலை 5 மணிக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

தளம் ஆங்கிலத்திலும் வெல்ஷ் மொழியிலும் மட்டுமே இருக்கிறது. ஹரோ, பிரென்ட், மெர்ட்டன், ரெட்பிரிட்ஜ் போன்ற பரோக்களில் ஆங்கிலம் சரளமாகப் படிக்க வராத மூத்த தலைமுறையினர் ஏராளம். அவர்களுக்குப் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ அருகிலிருந்து படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்பவர் தமக்குப் பிடித்த கட்சியின் பக்கம் சற்றே சாய்ந்துவிடும் அபாயமும் அதிலே உண்டு. வேட்பாளர் பெயர்களுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. எத்தனை வாக்குகள், எந்த நேரம், எந்த ஆவணம் என்ற நான்கைந்து நிலையான வாசகங்களைத் தமிழில் தந்தாலே போதும். தன்னார்வலர்களால் இயங்கும் அமைப்பு என்பதால், நம்மவர் ஒருவர் முன்வந்து கேட்டால் நடக்கக்கூடிய காரியம் இது என்றே நம்புகிறேன்.

தபாலில் வாக்களிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. வாக்குச்சீட்டு வாக்குப்பதிவு நாளுக்குச் சில வாரங்களுக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிடும். நிரப்பி அனுப்பிய பிறகு மனம் மாறினாலும் மாற்ற வழியில்லை. ஆகவே அவர்கள் மே மாதத்தில் வரும் வாக்குப்பதிவு நாள் வரை காத்திராமல், வேட்பாளர் பட்டியல் வெளியான அதே வாரத்தில் தளத்தைத் திறந்து, தம் வட்டாரத்தில் எதையும் எழுதாமல் விட்டிருக்கும் வேட்பாளர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டு, பதிலைப் பார்த்த பிறகு சீட்டை நிரப்புவது நல்லது.